டிராப் ஷூட்டிங்குக்கு, அதாவது இயந்திரம் வீசுகிற தட்டைப் பறக்கும்போதே சுட்டு உடைக்கிற விளையாட்டுக்கு, எந்த ஷாட்கன் வாங்கலாம்? வேட்டைக்கு வைத்திருக்கும் இலேசான துப்பாக்கியே போதாதா?

போதாது என்று சொல்ல மாட்டேன். சுடலாம், தட்டும் உடையும். ஆனால் ஒரு சுற்றுக்கு 25 தட்டு, ஒரே நாளில் நாலைந்து சுற்று என்று போகும்போது 3 கிலோ துப்பாக்கியின் உதை தோளைப் பதம் பார்த்துவிடும். டிராப் துப்பாக்கிகளை 3.5 முதல் 4 கிலோ வரை கனமாகச் செய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் ஏற்கெனவே யாரிடமோ கேட்டு, அவர் ஏதோ இத்தாலியப் பெயரைச் சொல்லி, விலையைப் பார்த்து மலைத்துப்போய்த்தான் இங்கே வந்திருப்பீர்கள். பெரெட்டா, பெராஸி எல்லாம் அருமையான துப்பாக்கிகள், அதில் எனக்குச் சண்டை இல்லை (அவற்றை வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம்). ஆனால் உங்கள் உடம்புக்குப் பொருந்தாத பெராஸியைவிடப் பொருந்துகிற சாதாரணத் துப்பாக்கி மேல்.

எனக்குக் கை கொஞ்சம் குட்டை, கழுத்து நீளம். ஆரம்பத்தில் இரவல் வாங்கிய ஓவர்-அண்டரில் (ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு குழல் உள்ள துப்பாக்கி) சுட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டாக், அதாவது தோளில் பதிகிற பின்கட்டை, நீளம் என்பதால் அது தோள் குழியில் உட்காராமல் மேற்கையில் போய் உட்காரும், அங்கே எப்போதும் கன்றிப்போயிருக்கும். ரவையோ (தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள்) தட்டுக்கு அடியிலேயே போகும். பின்னால் நிற்கிற அத்தனை பேருக்கும் ஒரே பாட்டு, "தலையைத் தூக்குறீங்க". தலையைத் தூக்கினால் ரவை மேலே அல்லவா போக வேண்டும், எனக்கு அடியில்தானே போகிறது என்று கேட்டால், புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிற சாக்கு இது என்று சிரிப்பார்கள். கேட்காமலே பாடம் நடத்துகிற இந்தக் கூட்டம் எங்கேயும் இருக்கும்போல. தட்டை வீசச் சொல்லிக் குரல் கொடுக்க வாயைத் திறக்கிற நேரத்தில் முதுகுக்குப் பின்னாலிருந்து ஆலோசனை வரும், ஆலோசனை சொல்கிறவர் அன்றைக்கு எத்தனை உடைத்தார் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. சரி, அது வேறு கதை.

கடைசியில் பெரிய வெள்ளைத் தாளை நிறுத்தி நிதானமாகக் குறிவைத்துச் சுட்டுப் பார்த்தேன். ரவைக் கூட்டத்தின் நடு, குறிக்குக் கீழேதான் விழுந்தது. ஷாட்கனில் பின்குறி, அதாவது குறிபார்க்கக் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அடையாளம், கிடையாது, உங்கள் கண்தான் பின்குறி. கன்னம் வைக்கிற இடம், அதாவது கோம்ப், தாழ்வாக இருந்தால் கண்ணும் தாழும், சூடும் தாழும். டிராப்பில் தட்டு எழும்பிக்கொண்டே விலகிப் போவதால், ரவையில் 60 அல்லது 70 சதவீதம் குறிக்கு மேலே விழுகிற மாதிரி துப்பாக்கி அமைவதைத்தான் பெரும்பாலானோர் விரும்புகிறார்கள். அதனால்தான் கோம்ப்பை ஏற்றி இறக்க முடிகிற ஸ்டாக் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன், நீளத்தையும் குறைத்துக்கொண்டேன். மறுநாளே 25-க்கு 25 என்று கதை விட மாட்டேன், ஆனால் அடியில் போவது நின்றது, கையும் கன்றவில்லை.

மற்றதெல்லாம் சுலபம். குழலின் விட்டம் 12 கேஜ், நீளம் 30 அல்லது 32 அங்குலம். இரண்டாவது சூடு அடிப்பதற்குள் தட்டு இன்னும் தூரம் போயிருக்கும் என்பதால் முதல் குழலுக்கு இம்ப்ரூவ்டு மாடிஃபைடு சோக், இரண்டாவதற்கு அதைவிட இறுக்கமான ஃபுல் சோக் (சோக் என்பது ரவை அதிகம் சிதறாமலிருக்கக் குழல் முனையில் இருக்கும் குறுக்கம்). அதிக ரவை கொண்ட மேக்னம் தோட்டா போடுகிற அறை தேவையே இல்லை, ஒலிம்பிக் டிராப்பிலேயே 24 கிராம் ரவைக்கு மேல் அனுமதி கிடையாது.

வாங்குவதற்கு முன்னால் எந்தக் கண் ஆதிக்கக் கண், அதாவது இரண்டும் திறந்திருக்கும்போது எந்தக் கண் குறிபார்க்கிறது, என்று பார்த்துவிடுங்கள். வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு இடது கண் ஆதிக்கம் என்றால் எந்த ஸ்டாக்கும் முழுசாகக் கைகொடுக்காது.

இல்லை, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்கிற செமி ஆட்டோதான் எடுப்பேன் என்றால் எடுங்கள், தோட்டா வெடிக்கும் வாயுவில் இயங்குவது உதை குறைவாகத்தான் இருக்கும். குழல் ஒன்றே என்பதால் இரண்டு சூட்டுக்கும் ஒரே சோக்தான் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அப்புறம், காலித் தோட்டா பக்கத்தில் நிற்பவர் மேல் தெறிக்காமல் பிடித்துக்கொள்கிற சின்ன கிளிப் கிடைக்கும், அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.