பிம் (கட்டடத் தகவல் மாடல்) கேள்வி-பதில்: மென்பொருளின் பதிப்பு எண்ணை எழுதுங்கள்

கே: நண்பர் அனுப்பிய ஃபைல் திறக்கவில்லை. அவசரம்!

ப: எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு? அவசரத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ரெவிட் (பிம் மாடல் போடும் மென்பொருள்) என்றே வைத்துக்கொள்கிறேன். 2025 பதிப்பில் சேமித்ததை 2023 பதிப்பு திறக்காது. பழைய பதிப்புக்கு இறக்கிச் சேமிக்கவும் அதில் வழியில்லை. நீங்களும் புதியதைப் போடுங்கள், அல்லது ஐஎஃப்சி (பல மென்பொருள்களுக்கும் பொதுவான ஃபைல் வடிவம்) வாங்கிப் பாருங்கள். பழைய ஃபைலைப் புதியதில் திறக்குமுன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். புதிய பதிப்புக்கு ஏற்றினது ஏற்றினதுதான்.

கே: ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் தந்த ஐஎஃப்சி-யில் தூணை நகர்த்த முடியவில்லை.

ப: தூண் அவருடையது. ஐஎஃப்சி பார்த்து வேலை செய்யத்தான். அவரிடம் சொல்லுங்கள், மாற்றி அனுப்புவார்.

கே: உரிமையாளர் எல்லாவற்றையும் எல்ஓடி (மாடலின் விவர நிலை) 500-இல் கேட்கிறார்.

ப: 500 என்பது கட்டியதைத் தளத்தில் சரிபார்த்த நிலை. இன்னும் கட்டாததை எப்படிச் சரிபார்ப்பது? ஒருங்கிணைப்புக்கு 350 போதும், அதுவும் உறுப்புவாரியாகப் பட்டியல் போட்டு.

கே: வரைபடங்கள் கேட் (CAD) மென்பொருளில் முடிந்துவிட்டன. ஒப்பந்தத்தில் மாடலும் உண்டு. வெளியே கொடுத்து ஒரு வாரத்தில் போட்டுவிடலாமா?

ப: இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. போடலாம், காசும் வாங்கலாம். ஆனால் அது பிம் இல்லை, முடிந்துபோன வரைபடத்துக்குச் செய்த பொம்மை. ஒரு கணக்குப் பாருங்கள். தளத்துக்குத் தளம் 3600 மி.மீ. பீம் ஸ்லாபோடு சேர்த்து 600. பீமுக்குக் கீழே 3000. ஃபால்ஸ் சீலிங் 2700-இல். மிச்சம் 300. ஏசி டக்ட் இன்சுலேஷனோடு 350. ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர், ஏசிக்காரர் என்று மூன்று பேர் பிளானையும் தனித்தனியாகப் பார்த்தால் குற்றமே தெரியாது. ஒரே மாடலில் வைத்து ஒரு செக்ஷன் வெட்டினால்தான் 50 மி.மீ. இடிப்பது தெரியும். ஆரம்பத்தில் தெரிந்தால் டக்டைத் தட்டையாக்கலாம், பாதையை மாற்றலாம். நீங்கள் மாடல் கேட்கும்போது பீமுக்குக் கம்பியே கட்டியிருப்பார்கள். அப்படி ஒரு மாடலைத் திறந்து பார்த்தேன்: டக்ட் சீலிங்கைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறது. போட்டவரைக் குறை சொல்ல முடியாது, கொடுத்த பிளானைத்தான் போட்டார். 2018-இல் வந்த ஐஎஸ்ஓ 19650 என்ற பிம் தரநிலை பேசுவதே எந்தக் கட்டத்தில் யார் எந்தத் தகவலைத் தர வேண்டும் என்பதைத்தான். கடைசி வார மாடலுக்கு அதில் இடமில்லை.

கே: கிளாஷ் ரிப்போர்ட்டில் (மாடலில் எது எதோடு இடிக்கிறது என்ற பட்டியல்) 4,000 இடிப்புகள். வேலையை விட்டுவிடலாமா?

ப: வேண்டாம். ஒரு குழாய் பத்து பீமைக் கடந்தால் பத்தாக எண்ணும். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் மோதவிட்டிருப்பீர்கள். முதலில் பீமும் டக்டும். அப்புறம் பீமும் கழிவுநீர்க் குழாயும். சரிவு வேண்டிய குழாய் சொன்ன இடத்துக்கெல்லாம் நகராது. மின்கம்பிக் குழாய்களைக் கடைசியில் பார்க்கலாம், அவை வளைந்து கொடுக்கும்.

கே: மாடல் ஆமைபோல நகர்கிறது. ஏன்?

ப: டிடபிள்யூஜி-யை (கேட் வரைபட ஃபைல்) இம்போர்ட் செய்து, எக்ஸ்ப்ளோடும் (தனித்தனிக் கோடுகளாக உடைப்பது) பண்ணியிருப்பீர்கள். அதைத் தூக்கிவிட்டு லிங்க் செய்யுங்கள். நகல் எடுத்துக்கொண்டுதான். பதிப்பு எண்ணை நீங்களும் எழுதவில்லை.