கப்பல் உங்களுக்காகக் காத்திருக்குமா?

கேள்வி: நான், என் மனைவி, 71 வயதான என் அம்மா மூவரும் முதல் முறையாகக் கப்பல் சுற்றுலா போகிறோம். பார்சிலோனாவில் ஏறி ஃப்ளாரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ், சாண்டோரினி பார்த்துவிட்டு ஏதென்ஸில் இறங்கும் 9 இரவுப் பயணம். ஒவ்வொரு ஊரையும் சுற்றிக் காட்டக் கப்பல் நிறுவனமே டூர் விற்கிறது. எங்கள் டிராவல் ஏஜென்ட், "அதே டூரைப் பாதி விலைக்கு நான் தருகிறேன். தாமதமானாலும் கவலை வேண்டாம், பேசி வைத்திருக்கிறோம், கப்பல் காத்திருக்கும்" என்கிறார். மனைவிக்கு நம்பிக்கை இல்லை, கப்பல் விட்டுவிட்டுப் போய்விடும் என்று பயப்படுகிறார். யார் சொல்வது சரி? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. கப்பல் காத்திருக்காது. பேசி வைத்திருக்கிறாராம்! யாரிடம்? கப்பலில், ஊர் சுற்றும் டூர்களை விற்கும் கரைச் சுற்றுலா மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். எந்த ஊர் ஏஜென்ட் போன் செய்தும் ஒரு கப்பல் பத்து நிமிடம் கூடுதலாக நின்று நான் பார்த்ததில்லை.

அது கல்நெஞ்சத்தனம் இல்லை, கணக்கு. கப்பலைத் துறைமுகத்திலிருந்து வெளியே கொண்டுபோக அந்தத் துறைமுகத்தின் நீர்வழி தெரிந்த உள்ளூர் வழிகாட்டி மாலுமி (பைலட்) ஒருவர் ஏறுவார். அவருடைய நேரம் முன்பே பதிவானது. நீங்கள் நிற்கும் இடத்துக்கு அடுத்த கப்பல் வரக்கூடும். மறுநாள் காலை அடுத்த துறைமுகத்திலும் இத்தனை மணிக்கு என்று இடம் ஒதுக்கியிருப்பார்கள். இங்கே போன அரை மணியை ராத்திரி வேகமாக ஓட்டித்தான் பிடிக்க வேண்டும். கப்பலில் வேகத்தைக் கூட்டுவது காரில் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்துவது போல அல்ல. வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் எஞ்சினுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தி வேண்டும். அத்தனை எண்ணெயை உங்கள் மூன்று பேருக்காக எரிக்க மாட்டார்கள்.

யார் வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். இறங்கும்போதும் ஏறும்போதும் உங்கள் கேபின் அட்டையைக் காட்டிவிட்டுத்தான் போகிறீர்கள். நேரம் நெருங்கியதும் ஒலிபெருக்கியில் பெயரைக் கூப்பிடுவார்கள். பதில் இல்லையென்றால் கேபினுக்குப் போய் பெட்டகத்தில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதைத் துறைமுகத்தில் உள்ள நிறுவனத்தின் பிரதிநிதியிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுவது வழக்கம். அவருடைய பெயரும் போன் எண்ணும் தினசரி நிகழ்ச்சித் தாளில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். ஒவ்வொரு நாளும் இறங்குவதற்கு முன் அந்தத் தாளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டின் படமும் போனில் இருக்கட்டும். தவறவிட்ட பிறகு அடுத்த ஊருக்கு விமானமோ ரயிலோ பிடிப்பது, ராத்திரி தங்குவது எல்லாம் உங்கள் செலவு.

ஒன்றைக் கவனியுங்கள். கப்பல் புறப்படும் நேரம் வேறு, நீங்கள் ஏறியிருக்க வேண்டிய நேரம் வேறு. இரண்டாவதற்கு 'ஆல் அபோர்டு' என்று பெயர். பெரும்பாலும் புறப்படுவதற்கு அரை மணி முன்பு, சில சமயம் ஒரு மணி முன்பு. மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். அப்புறம் கடிகாரம். உங்கள் பாதையில் இத்தாலியிலிருந்து கிரீஸுக்குப் போகும்போது ஒரு மணி நேரம் முன்னால் நகரும். கப்பல் தன் கடிகாரத்தை எப்போது மாற்றுகிறது என்பது கப்பலின் முடிவு. உங்கள் போனோ கரையில் சிக்னல் கிடைத்ததும் தானாக மாறிவிடும், அல்லது மாறாமல் பழைய நேரத்திலேயே நிற்கும். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, கப்பல் நேரத்தை வைத்து, அதை மட்டும் நம்புங்கள்.

சரி, டூருக்கு வருவோம். உங்கள் ஏஜென்ட்டைவிடப் பெரிய வேலையைக் காட்டுவது பயண விளம்பரத்தாள்தான். 'ரோம்' என்று போட்டிருப்பார்கள். கப்பல் ரோமில் நிற்காது. சிவிட்டாவெக்கியா என்ற துறைமுகத்தில் நிற்கும், அங்கிருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர். 'ஃப்ளாரன்ஸ்' என்றால் லிவோர்னோ, அங்கிருந்து கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். இந்தப் பாதையில் மட்டும் இல்லை, எங்கும் இதே கதைதான். 'பாரிஸ்' என்று விற்பது லெ ஆவ்ர் துறைமுகத்தை, பாரிஸ் அங்கிருந்து 200 கிலோமீட்டர். 'பெர்லின்' என்பது வார்னமுண்டே, ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஊர்ப் பெயரைக் கொட்டை எழுத்திலும் துறைமுகத்தின் பெயரைக் கீழே குட்டியாகவும் போடுவதை யாரும் தட்டிக் கேட்பதில்லை. முதல் முறை போகிறவர்கள் கப்பலை விட்டு இறங்கினால் கொலோசியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆக, முடிவு தூரத்தைப் பொறுத்தது. நேப்பிள்ஸில் கப்பல் நகரத்தின் நடுவிலேயே நிற்கிறது. இறங்கினால் எதிரே கோட்டை. அங்கே யாருடைய டூரும் வேண்டாம், நடந்தே பார்க்கலாம். எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய நகரமான பாம்பெய் போக வேண்டுமென்றாலும் சுமார் 25 கிலோமீட்டர்தான், சீக்கிரம் கிளம்பிச் சீக்கிரம் திரும்பினால் சொந்தமாகவே முடியும். ரோமுக்கும் ஃப்ளாரன்ஸுக்கும், முதல் முறை, அதுவும் அம்மாவை வைத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால், கப்பலின் டூரையே வாங்குங்கள். விலை அதிகம்தான். ஐம்பது பேரோடு ஒரு பஸ்ஸில் ஆடு மாடு போலப் போவீர்கள். நடுவில் ஒரு தோல் பை கடையில் 'ஓய்வுக்காக' இறக்கியும் விடுவார்கள். நீங்கள் காசு கொடுப்பது வழிகாட்டியின் கதைகளுக்கு அல்ல. நெடுஞ்சாலையில் விபத்து நடந்து பஸ் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. அந்தப் பொறுப்புக்குத்தான் விலை.

கப்பல் காத்திருப்பது இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும். இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மேசைக்கு முன்னால் வந்து அழுதவர்களில் பாதிப் பேர் இதில் விழுந்தவர்கள். கப்பலின் டூர் பட்டியலிலேயே 'ரோம் ஆன் யுவர் ஓன்' என்கிற மாதிரி ஒன்று இருக்கும். மற்றவற்றைவிட மலிவு. கப்பலின் பஸ் உங்களை ரோமில் இறக்கிவிடும், நீங்களே சுற்றிவிட்டு, சொன்ன நேரத்துக்கு, சொன்ன இடத்துக்கு வந்து ஏறிக்கொள்ள வேண்டும். வாங்கியது கப்பலிடம்தானே, நமக்காகக் காத்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. காத்திருப்பது அந்தப் பஸ்ஸுக்காக. பஸ்ஸுக்குள் நீங்கள் இருந்தால் உங்களுக்கும் சேர்த்து. நீங்கள் பஸ்ஸைத் தவறவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் தனியாக வந்த பயணி, அவ்வளவுதான். வழிகாட்டியோடு போகும் முழு டூரிலும் இதே விதி. "நீங்கள் போங்கள், நாங்கள் இன்னொரு மணி நேரம் பார்த்துவிட்டு ரயிலில் வருகிறோம்" என்று நடுவில் கழன்றுகொண்டால் உத்தரவாதமும் அங்கேயே கழன்றுவிடும். துறைமுக வாசலுக்கும் ஊருக்கும் ஓடும் ஷட்டில் பஸ்ஸில் கப்பல் நிறுவனத்தின் பெயரே எழுதியிருந்தாலும் அது டூர் அல்ல. உத்தரவாதம் உங்கள் கையில் இருக்கும் டிக்கெட்டுக்கு இல்லை, கூட்டத்தோடு இருக்கும் உங்களுக்கு. மனைவியிடமும் இதை விளக்கிவிடுங்கள்.

இனி உங்கள் ஏஜென்ட். வெளியே டூர் நடத்துகிறவர்கள் எல்லாரும் மோசம் என்று சொல்ல மாட்டேன். சிலர் கப்பலின் டூரைவிட நன்றாகவே நடத்துகிறார்கள். எட்டுப் பேருக்கு ஒரு வேன், நல்ல வழிகாட்டி. அவர்களில் சிலர் 'கப்பலுக்குத் திரும்ப உத்தரவாதம்' என்றும் எழுதிக் கொடுப்பார்கள். அதன் பொருள் கப்பல் நிற்கும் என்பதல்ல. தவறவிட்டால் அடுத்த துறைமுகம் வரை உங்கள் செலவை ஏற்கிறோம் என்பதே. நல்ல நிறுவனம் இதைத் தெளிவாகச் சொல்லும். உங்கள் ஏஜென்ட் சொன்னதோ "கப்பல் காத்திருக்கும்" என்று. அவர் டூர் நடத்துகிறவர் இல்லை. யாரோ ஒருவரிடம் வாங்கி, நடுவில் கமிஷன் வைத்து விற்கிறவர். வேன் டயர் வெடித்தால் யாருக்குப் போன் செய்வீர்கள்? அவருக்கா? அவர் ஊரில் அப்போது நள்ளிரவாக இருக்கலாம்.

ஒரு நாள் மாலை, கேங்வேயை, அதாவது கப்பலில் ஏறி இறங்கும் பாலத்தை, இழுத்துவிட்டோம். கயிறுகள் அவிழ்ந்துகொண்டிருந்தன. ஒரு வயதான தம்பதி துறைமுக மேடையில் ஓடி வந்தார்கள். மேல்தளத்தில் நின்றவர்கள் கைதட்டிச் சிரித்துப் படம் எடுத்தார்கள். அந்த அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. இவர்களுக்கும் இப்படித்தான் யாரோ பாதி விலைக்கு டூர் விற்றிருந்தார். டிரைவர் கமிஷனுக்காக இரண்டு கடைகளில் நிறுத்தினாராம். நாங்கள் போய்விட்டோம்.

உங்கள் ஏஜென்ட்டிடம் எழுத்தில் இரண்டு விஷயம் கேளுங்கள். கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகம் வரை செலவு யாருடையது? கப்பல் அந்த ஊரில் நிற்காமலே போய்விட்டால் முழுப் பணமும் திரும்புமா? இரண்டாவது கேள்வி வேடிக்கையாகத் தோன்றும். காற்று பலமாக இருந்தால் கேப்டன் ஒரு துறைமுகத்தைத் தாண்டிப் போவது சாதாரணம், சாண்டோரினியில் அதற்கு வாய்ப்பு அதிகம். கப்பலில் வாங்கிய டூராக இருந்தால் பணம் தானாகக் கணக்கில் திரும்பிவிடும். வெளியே வாங்கியதை நீங்கள்தான் துரத்த வேண்டும். எந்தத் துறைமுகத்தையும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடலாம், ஈடு தர வேண்டியதில்லை என்று உங்கள் டிக்கெட் ஒப்பந்தத்திலேயே இருக்கும். பக்கம் பக்கமாக நீளும் அந்த ஒப்பந்தத்தை உங்கள் ஏஜென்ட் உங்களிடம் காட்டினாரா? காட்டியிருக்க மாட்டார், அவரும் படித்திருக்க மாட்டார். வழக்குப் போடலாம் என்றால் கப்பல் பதிவானது பஹாமாஸிலோ பனாமாவிலோ மால்டாவிலோ. நிறுவனம் வேறொரு நாட்டில். எந்த ஊர் நீதிமன்றம் என்பதையும் அந்த ஒப்பந்தமே தீர்மானித்து வைத்திருக்கும். இதை ஒரு தொழில் என்று நடத்துகிறார்கள், இத்தனை அரசாங்கங்கள் இருந்தும்! சரி, விடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. பார்சிலோனாவுக்கு விமானம் எந்த நாள்? கப்பல் புறப்படும் அதே நாள் காலை என்றால் உடனே மாற்றுங்கள். விமானம் தாமதம் என்றாலும் கப்பல் காத்திருக்காது. செக்-இன் கவுன்டரும் புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முன்பே மூடிவிடும். முதல் நாளே போய்த் தங்குங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அம்மாவைப் பற்றி. லிவோர்னோ, சிவிட்டாவெக்கியா, நேப்பிள்ஸ் மூன்றிலும் கப்பல் கரையோடு நிற்கும், சாய்தளத்தில் நடந்து இறங்கலாம். சாண்டோரினியில் கடலில்தான் நிற்கும். சின்னப் படகில் இறங்கிக் கரைக்குப் போக வேண்டும். படகும் கப்பலும் ஏறி இறங்கி ஆடும்போது நடுவில் காலை வைப்பது முழங்கால் வலிக்காரர்களுக்குக் கஷ்டம். பழைய துறைமுகத்திலிருந்து மேலே ஊருக்குப் போகக் கேபிள் கார், கழுதை, அல்லது சுமார் 600 படிகள். கப்பலின் டூரை எடுத்தால் பெரும்பாலும் வேறொரு துறையில் இறக்கிப் பஸ்ஸிலேயே மேலே கொண்டுபோவார்கள், ஆனால் இறங்குவதற்குக் கேபிள் கார் வரிசைதான். ஒரே நாளில் மூன்று நான்கு கப்பல்கள் நின்றால் மாலையில் அந்த வரிசை தெருக்களைச் சுற்றி வளைந்து நிற்கும், ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அங்கே உங்களுக்குக் கணக்கு கடைசிப் படகின் நேரம். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கேபிள் கார் வரிசையில் நில்லுங்கள்.

அன்றைக்கு அம்மா கப்பலிலேயே இருக்கட்டும் என்பது என் யோசனை. எல்லாரும் இறங்கிப் போன பிறகு கப்பல் காலியாக இருக்கும், சாப்பாட்டுக்கு வரிசை இருக்காது, எரிமலைப் பள்ளமும் பாறை உச்சியில் வெள்ளை வீடுகளும் மேல்தளத்திலிருந்தே நன்றாகத் தெரியும். காலை பத்து மணிக்கு மேல் போனால் நிழலில் நல்ல நாற்காலியாகவே கிடைக்கும்.