வேகன் ஆரால் படகை இழுக்கலாமா, டபுள் கெப் வாங்க வேண்டுமா?

வணக்கம். ட்ரெய்லரோடு 200 கிலோ வரும் லேசர் படகை (ஒருவர் ஓட்டும் சின்னப் பாய்மரப் படகு), மட்டக்களப்பு கல்லடியிலிருந்து பாசிக்குடாக் கடற்கரைக்கு வேகன் ஆரில் இழுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் காரின் கையேட்டைப் பாருங்கள். இழுக்கக் கூடாது என்று போட்டிருந்தால் பேச்சே வேண்டாம். எடையை விட எனக்குப் பயம் அந்த சிவிடி கியர்பெட்டிதான் (பெல்ட்டில் ஓடும் ஓட்டோ கியர்). தொடர்ந்து பாரம் இழுத்தால் சூடேறிவிடும். கூரையில் ஏற்றலாம் என்றால், படகு 4.2 மீற்றர், உங்கள் கார் மூன்றரை மீற்றர்கூட இல்லை. அதுவும் சரிவராது.

வாழைச்சேனைப் பக்கம் போகும் றோட் முழுக்கச் சமதரைதான், அங்கே பிரச்சினை இல்லை. கஷ்டம் மணலில்தான். பின்னால் பாரம் அழுத்தும்போது முன்சக்கரங்கள் பிடிமானம் இழக்கும். முன்சக்கர இழுவைக் கார் அந்த இடத்திலேயே சுழன்று புதையும். பழைய டீசல் டபுள் கெப் பின்சக்கர இழுவையாக இருந்தாலே உங்களுக்குப் போதும். இந்தப் படகுக்காக ஃபோர் வீல் தேடிக் காசைக் கொட்டாதீர்கள்.

பாசிக்குடாவில் தண்ணீர் வெகுதூரம் ஆழமில்லை, வாகனத்தைக் கடலுக்குள் இறக்கிப் பயனில்லை. இறுகிய தரையில் நிறுத்திவிட்டு, படகைக் கைவண்டியில் வைத்துத் தள்ளுங்கள். பாய், பாய்மரம் இல்லாமல் படகின் உடல் மட்டும் 59 கிலோ, இரண்டு பேர் போதும்.

அப்புறம், ட்ரெய்லர் சக்கரம் உப்புத்தண்ணீரில் நனைந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இல்லாவிட்டால் பேரிங் போய்விடும்.