மூச்சை விடுவது – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 46, கணக்காளர். மன அழுத்தம் குறைய யூடியூப் பார்த்து ஆழ்ந்த மூச்சு பழகுகிறேன். ஐந்து நிமிடத்தில் தலை கிறுகிறுக்கிறது, உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு. ஆக்சிஜன் ஏறுகிறது என்கிறார்கள். திருமூலரின் 16–64–32 கணக்கில் 64 வரை அடக்க முடியவில்லை. காலையில் செய்வது நல்லதா, இரவிலா? பிரஷர் மாத்திரையைக் குறைக்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

மாத்திரையைத் தொடாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்காமல் அரை மாத்திரைகூடக் குறைக்கக் கூடாது.

ஆக்சிஜன் ஏறுகிறது என்றவர் பேச்சை இனி கேட்காதீர்கள். ஆரோக்கியமானவருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஆக்சிஜன் அளவு 95 சதவீதத்துக்கு மேல்தான். கொரோனாவில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் கிடந்தால் மாட்டிப் பாருங்கள். நீங்கள் செய்தது, கரியமில வாயுவை அளவுக்கு மீறி வெளியேற்றியது. அது குறைந்தால் மூளையின் இரத்தக்குழாய்கள் சுருங்கும், கிறுகிறுப்பு வரும். இரத்தத்தில் காரத்தன்மை கூடி, நரம்புக்குப் பயன்படும் கால்சியம் குறையும், மதமதப்பு வரும். பதற்றத்தில் மூச்சு வாங்குபவருக்கு நேர்வதும் இதேதான். பதற்றம் தணிய உட்கார்ந்து அதையே வரவழைக்கிறீர்களே!

ஆழ்ந்த மூச்சே தப்பு என்று சொல்லவில்லை. ஒரு மூச்சில் சுமார் 150 மில்லி காற்று தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் நின்று வீணாகத் திரும்பிவிடும். நிமிடத்துக்கு 24 முறை 250 மில்லி இழுத்தால் மொத்தம் 6 லிட்டர். நுரையீரலின் காற்றறைகளுக்குச் சேர்வது 2.4 லிட்டர். ஒரு லிட்டராக 6 முறை இழுத்தாலும் அதே 6 லிட்டர்தான், சேர்வது 5.1. கணக்காளருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். ஆழத்தோடு வேகமும் சேர்ந்தால்தான் வம்பு.

திருமூலருக்கு வருவோம். எல்லோர் கண்ணும் அந்த 64 மேலேயே. 32ஐ யார் பார்க்கிறார்கள்? இழுப்பது 16, விடுவது 32. இரண்டு மடங்கு! மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்தை நிதானப்படுத்துகிறது. இழுக்கும்போது துடிப்பு சற்றுக் கூடுகிறது. மணிக்கட்டில் நாடி பிடித்தபடி மெதுவாக மூச்சை வெளியே விட்டால் பலருக்கு விரலிலேயே தெரியும். அமைதி வருவது விடுகிற மூச்சில். நீங்களோ நெஞ்சை நிமிர்த்தி இழுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். பிரஷர் உள்ளவர் முக்கி முக்கி அடக்குவது வீண் ஆபத்து, 64ஐ விட்டுத்தள்ளுங்கள்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொப்புளுக்கு மேல். மூக்கால் 4 விநாடி இழுங்கள். வயிற்றுக் கை எழ வேண்டும், நெஞ்சுக் கை அதிகம் அசையக் கூடாது. வயிற்றை வேண்டுமென்றே உப்பவைக்கவும் வேண்டாம். 6 விநாடி விடுங்கள், தள்ளாமல், தானாக இறங்க. நிமிடத்துக்கு 6 மூச்சு. 5 நிமிடம் போதும். அடுத்த மூச்சை 'ஹக்' என்று இழுக்க நேர்ந்தால் விட்டது நீளம். 3க்கு 4 என்று குறையுங்கள். கழுத்து நரம்பு புடைத்தால் தோளால் இழுக்கிறீர்கள். கிறுகிறுத்தால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். படுத்துப் பழகிய பிறகு உட்கார்ந்து செய்யலாம்.

காலையா இரவா? வயிறு நிறைந்திராத எந்த நேரமும் சரி. மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் ராத்திரியில் ஆபீஸ் நாற்காலியிலேயே செய்யுங்கள். பெல்ட்டை மட்டும் ஒரு துளை தளர்த்திக்கொள்ளுங்கள்.