பள்ளி லாக்கரை இன்றைய மாணவர்களுக்கு ஏற்ப மாற்றுவது என்றால் என்ன?

பள்ளி லாக்கர் என்பது ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாகத் தரப்படும், பூட்டு வைத்த சிறிய அலமாரி. அதை மாற்றி வடிவமைப்பது என்றால், இன்று மாணவர்கள் கொண்டுவரும் பொருட்களுக்கு ஏற்ப அதன் அளவு, உயரம், காற்றோட்டம், மின் வசதி ஆகியவற்றைத் திருத்துவது.

ஏன் இந்தத் தேவை? பழைய லாக்கர்கள் கோட்டு மாட்டவும் புத்தகம் வைக்கவும் செய்யப்பட்டவை. அதனால்தான் குறுகலாக, உயரமாக இருக்கின்றன. இப்போது லேப்டாப், விளையாட்டு உடை, சில சமயம் இசைக்கருவி கூட உள்ளே போக வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு பிளக் பாயிண்ட் உள்ள பழைய வீட்டில் ஃபிரிட்ஜ், மிக்ஸி, வாஷிங் மெஷின் எல்லாம் வாங்கி வைத்தது போலத்தான் இது.

சார்ஜிங் வசதியில் மட்டும் அவசரம் கூடாது. லேப்டாப்பில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரி சார்ஜ் ஆகும்போது சூடாகும். மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லை என்றால் பேட்டரி சீக்கிரம் கெடும், பழுதான பேட்டரியாக இருந்தால் தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே முதலில் காற்றுத் துளைகள், அப்புறம்தான் பிளக்.

உயரமும் முக்கியம். சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கு எட்டும்படி சில லாக்கர்களாவது தாழ்வாக இருக்க வேண்டும். அமெரிக்க அணுகல் விதிகளில் இந்த எட்டும் எல்லை தரையிலிருந்து சுமார் 38 முதல் 122 செ.மீ. வரை. என் பார்வையில் இதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

நவீன லாக்கர் என்றாலே கைரேகைப் பூட்டும் செயலியும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அவை இல்லாமலும், சாதாரண சாவிப் பூட்டோடும் ஒரு நல்ல லாக்கரைச் செய்யலாம்.