தகாலோக் வினையும் செயப்பாட்டு வினையும்

வணக்கம். பிலிப்பைன்ஸ் நாட்டின் தகாலோக் மொழியில் வினைச்சொல் நாலைந்து விதமாக உருமாறும் என்று எழுதியிருந்தீர்கள். 'மீன் அவனால் வாங்கப்பட்டது' என்கிற நம் செயப்பாட்டு வினைதானே அது? அதற்கு 'பிலிப்பைன்ஸ் வகை' என்று தனியாக ஒரு பெயர் எதற்கு?
க.

அன்புள்ள க.,

முதலில் பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். 1917இல் வெளியான தன் தகாலோக் ஆய்வில் அமெரிக்க மொழியியலாளர் லெனார்ட் புளூம்ஃபீல்டும் ஒரு செய்வினை, மூன்று செயப்பாட்டு வினைகள் என்றே பிரித்தார். எனக்கு அந்தப் பிரிப்பில் உடன்பாடு இல்லை.

'பிலி' என்றால் வாங்குதல். மீன் வாங்கிய ஆள், ஆள் வாங்கிய மீன், மீன் வாங்கிய கடை, மீன் வாங்கிய காசு என்று நாம் சொல்லும்போது நான்கிலும் அதே 'வாங்கிய'தான். எது எதைச் செய்தது என்பதைக் கேட்பவர் புரிந்துகொள்கிறார். தகாலோக்கில் அது செல்லாது. ஆளைச் சொல்ல வேரின் நடுவே 'உம்' நுழைந்து 'புமிலி' ஆகும். மீனுக்கு 'பினிலி', கடைக்கு 'பினில்ஹான்', காசுக்கு 'இபினம்பிலி'. கேள்வியிலும் இப்படியே: யார் வாங்கியது என்றால் 'சீனோ அங் புமிலி', என்ன வாங்கினார் என்றால் 'அனோ அங் பினிலி'.

முழு வாக்கியத்தில் ஒரு பெயருக்கு முன்னால் 'அங்' வரும். அந்தப் பெயர் செய்தவரா, பொருளா, இடமா, கருவியா என்பதை வினையின் வடிவம் காட்டிவிடும். நாம் 'கடையில்', 'காசால்' என்று பெயரில் வைக்கும் வேலையில் ஒரு பகுதியை அங்கே வினை செய்கிறது.

சரி, இது ஏன் செயப்பாட்டு வினை இல்லை? 'வாங்கப்பட்டது' என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. 'பினிலி' அன்றாடப் பேச்சு. 'அந்த மீனை வாங்கினான்' என்று குறிப்பிட்ட மீனைச் சொல்ல இயல்பாக வருவதே அதுதான். ஏதோ மீன் என்றால் 'புமிலி'. அப்புறம், நம் 'அவனால்' போல வாங்கியவர் ஓரத்துக்குப் போய்விடுவதும் இல்லை. 'தன்னைத்தானே நேசித்தான்' என்பதில் 'தன்னை'க்கு 'அங்' கிடைத்தாலும், அந்தத் 'தான்' யார் என்பதைச் செய்தவரே முடிவுசெய்கிறார். எழுவாய்க்கு உரியவை என்று நாம் நினைக்கும் குணங்கள் 'அங்' பெயரிடம் சில, செய்தவரிடம் சில என்று பிரிந்துகிடப்பதை 1976இல் மொழியியலாளர் பால் ஷாக்டர் விரிவாகக் காட்டினார்.

பெயர்தான் 'பிலிப்பைன்ஸ் வகை'. தைவானின் பைவான், அதாயல் மொழிகளிலும் இந்த அமைப்பு உண்டு. இவற்றின் பொதுவான மூதாதை மொழியிலேயே இது இருந்தது என்பது பல மொழியியலாளர்களின் கருத்து.