மகளிர் குழுவின் தென்னை நார்க்கட்டி: இலை கருகுவது ஏன்?

வணக்கம். மகளிர் சுய உதவிக் குழு ஒன்றிடம் வாங்கிய தென்னை நார்க்கழிவுக் கட்டியில் நட்ட மிளகாய் நாற்றுகளின் இலையோரம் கருகுவதாகவும், இனி அத்தகைய சிறு தயாரிப்பாளர்களிடம் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக வாங்குங்கள். இந்தக் கருகல் பெரும்பாலும் கட்டியில் தங்கிய உப்பினால் வருவது. பெரிய நிறுவனங்களின் கட்டிகளிலும் இது உண்டு. கட்டியை ஊறவைத்து, வடியும் நீரின் பழுப்பு நிறம் வெளிறும்வரை மூன்று நான்கு முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே மண்கலவையில் சேர்க்க வேண்டும். உவர்நீரில் அலசிப் பயனில்லை. இப்போதுள்ள நாற்றுகளுக்கு, பையின் அடித்துளை வழியாக வழிந்தோடும் அளவுக்கு ஒருமுறை நீர் ஊற்றி, பிறகு மேல்மண்ணை லேசாகக் காய விடுங்கள்.

எனக்குப் பிடித்தது இக்குழுக்களின் மண்புழு உரம்தான். கையிலெடுத்தால் மழை நனைத்த மண்ணின் வாசம் வர வேண்டும்; அழுகல் நாற்றம் அடித்தால் அது இன்னும் பக்குவப்படவில்லை. சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்கவைக்கும் பஞ்சகவ்யக் கரைசலை லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்தால் போதும் (வாடை அடிக்கும், பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்).

சென்னையில் இருப்பதாக எழுதியிருப்பதால், நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் நடக்கும் விற்பனைக் கண்காட்சிகளில், ‘மதி’ என்ற பெயரில் வரும் குழுப் பொருட்களைப் பாருங்கள். கட்டி அலசப்பட்டதா என்று விற்பவரிடமே கேட்டு வாங்கலாம்.